திருநீர்மலைக்கு அனுப்பிய உறை

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் ரயிலை விட்டிறங்கி, மேற்கு நோக்கிச் செல்லும் பம்மல் சாலையில் என்னுடன் சற்றுத் தூரம் வாருங்கள். பம்மலைக் கடந்தால் நாகல்கேணி. தோல் பதனிடும் தொழிலால் பல நூறு குடும்பங்களுக்குச் சோறிட்ட ஊர் இது. அந்தத் தொழிலின் வாடையை இன்றும் காற்றில் உணரலாம். நம் சமுதாயத்தவர் பலர் முதலாளிகளாகவும் கணக்கர்களாகவும் தொழிலாளர்களாகவும் வாழ்ந்த இடம். அதையும் தாண்டிச் சென்றால் சாலையின் முடிவில் வீடுகளுக்கு மேலே சிறு குன்று ஒன்று தலை நீட்டும். அதுதான் திருநீர்மலை. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது இந்தப் பேரூராட்சியும் அதனுள் அடங்கிவிட்டது. தாம்பரம் - மதுரவாயல் புறவழிச்சாலை பக்கத்திலேயே இரைந்துகொண்டு ஓடுகிறது. ஆயினும் அடிவாரத்துத் திருக்குளத்தின் கரையில் நின்றால் ஒரு சிற்றூரின் சாயல் இன்னும் அகலவில்லை என்பதைக் காண்பீர்கள்.

வைணவர்கள் போற்றும் 108 திருப்பதிகளில் இது ஒன்று. அடிவாரத்தில் ஒரு கோயில், குன்றின் மேல் ஒரு கோயில். நின்ற கோலம், அமர்ந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என நான்கு கோலங்களிலும் பெருமாளை ஒரே ஊரில் காணலாம் என்பது அவர்களுக்குப் பெருமை. திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது குன்றைச் சுற்றி வெள்ளம் தேங்கியிருந்ததாம். அருகிலேயே தங்கி, நீர் வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்து, பிறகே மலைக்குச் சென்றார் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெயரிலேயே நீர் இருக்கிறது அல்லவா? இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு நண்பர். அவர் அதைச் சொன்ன நாளில் நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

முகூர்த்த நாளில் இந்த அடிவாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே காலையில் பல கல்யாணங்கள். ஒரு நாதஸ்வரம் ஓயுமுன் அடுத்தது தொடங்கிவிடும். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி படியிறங்க, மற்றொரு ஜோடி ஏறும். பெரும் செலவு செய்ய இயலாத குடும்பங்களும், பெரியவர்களின் மனம் இளகக் காத்திராத இளையவர்களும் இங்கு வந்து தாலி கட்டிக்கொள்வது நெடுங்கால வழக்கம். தாலி கட்டுவது கோயிலில். விருந்து சுற்றிலுமுள்ள மண்டபங்களில். இவற்றுள் ஒரு மண்டபத்துக்கு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

ஒரு கல்யாணமும் ஒரு சாக்கும்

நாகல்கேணியில் ஒரு தோல் நிறுவனத்தில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கே கிடங்குப் பொறுப்பிலிருந்தவர் திருநீர்மலைக்காரர். இருபது ஆண்டுகள் எதிரெதிர் மேசை. 2009இல் என் மகனின் நிக்காஹ் பல்லாவரத்தில் நடந்தது. நண்பர் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். சைவ உணவுக்காரர். பிரியாணி மணக்கும் பந்தியில் ஓர் ஓரமாக அமர்ந்து, என் மனைவி தனியாக ஆக்கிவைத்த வெண்சோற்றையும் பருப்பையும் தயிரையும் முகம் சுளிக்காமல் உண்டார். கடைசிப் பந்தி முடியும்வரை வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றதும் அவர்தான்.

2013 ஆவணியில் அவருடைய மூத்த மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம். கணவனும் மனைவியுமாக அனகாபுத்தூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து அழைப்பிதழ் தந்தார்கள். “பாய், அம்மாவோட கட்டாயம் வந்துடணும்” என்றார். நான் சிரித்துக்கொண்டே, “இன்ஷா அல்லாஹ்” என்றேன்.

வாசகர்களே, அந்தச் சொல்லை நாம் என்ன பாடு படுத்துகிறோம்! இறைவன் நாடினால் செய்வேன் என்ற உறுதிமொழியை, ‘வரமாட்டேன்’ என்பதன் நாகரிகமான மறுபெயராக ஆக்கிவிட்டோம். நானும் அன்று அப்படித்தான் சொன்னேன். கோயிலில் நடக்கும் கல்யாணமாயிற்றே, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். அரைநாள் சம்பளம் போகுமே என்ற கணக்கு மறுபுறம். முகூர்த்தத்துக்குக் கோயிலுக்குள் நான் வர வேண்டுமென்று அவர் எதிர்பார்த்திருக்கவே மாட்டார். கோயிலுக்கென்று ஒரு விதி உண்டு. நமக்கென்று ஓர் எல்லை உண்டு. இரண்டையும் மதிக்கத் தெரிந்தவர் அவர். மண்டபத்தில் வந்து பிள்ளைகளை வாழ்த்திவிட்டு இலையில் அமர்ந்திருந்தால் போதும். அது எனக்கு அன்று தோன்றவில்லை.

கடையில் விற்கும் உறை ஒன்றை வாங்கினேன். ‘நல்வாழ்த்துகள்’ என்று அச்சிட்டு, முகப்பில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய உறை. உள்ளே ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. கல்யாணத்துக்குச் செல்லும் சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, “என் கணக்கில் எழுதிவிடுங்கள்” என்றேன். அவரிடம் அப்படி ஏழெட்டு உறைகள் சேர்ந்திருந்தன. என் உறையின் மேல் என் பெயரை எழுதவில்லை என்பது எனக்கு அப்போது நினைவில்லை. நண்பருக்கு முன்னதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும் நினைவில்லை.

கல்யாணம் முடிந்து அவர் பணிக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். ஆனால், “ஏன் பாய் வரலே?” என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அதன்பின் எதிரெதிர் மேசையில் கணக்குப் பேச்சு மட்டுமே நடந்தது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். இரண்டாம் மகளின் கல்யாண அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்குத் தபாலில்கூட வரவில்லை.

அனுப்பியவர்கள் எப்படி அனுப்பினார்கள்?

வர இயலாதவர்கள் பரிசு அனுப்புவது புதிய வழக்கமன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது மதீனாவில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உம்மு ஸுலைம் (ரலி) பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் சேர்த்து ‘ஹைஸ்’ என்னும் பண்டத்தைச் செய்து, ஒரு பாத்திரத்திலிட்டு, மகன் அனஸ் (ரலி) கையில் கொடுத்தனுப்பினார். வெறுமனே கொடுத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. என் தாயார் உங்களுக்கு ஸலாம் கூறினார், இது எங்களிடமிருந்து வரும் சிறிய பொருள் என்று எடுத்துரைக்கும்படி மகனுக்குச் சொல்லிக்கொடுத்தே அனுப்பினார். அந்தச் சிறிய பாத்திரத்திலிருந்து பத்துப் பத்துப் பேராக அமர்ந்து ஏறத்தாழ முந்நூறு பேர் உண்டார்கள் என்றும், வைத்தபோது அதிகமிருந்ததா, எடுத்தபோது அதிகமிருந்ததா என்று தமக்கே தெரியவில்லை என்றும் அனஸ் (ரலி) அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்தச் செய்தியில் பரக்கத்தைப் பற்றிப் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். நான் இப்போது கவனிப்பது அனுப்பிய முறையை. வீட்டுப் பிள்ளையே எடுத்துச் சென்றார். அனுப்பியவர் யார் என்பது முதலில் சொல்லப்பட்டது. ஸலாம் முன்னே போயிற்று. பாத்திரம் பின்னே போயிற்று. ‘சிறியது’ என்ற ஒரு சொல், வாங்குபவரின் மனச்சுமையையும் இறக்கிவிட்டது. அண்டை வீட்டுப் பெண் அனுப்புவது ஓர் ஆட்டின் குளம்பே ஆனாலும் அதை அற்பமாகக் கருத வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) பெண்களுக்கு அறிவுறுத்தியதும் இத்துடன் சேர்த்து எண்ணத் தக்கது.

நம் தந்தையர் காலத்திலும் இந்த ஒழுங்கு இருந்தது. மணியார்டர் படிவத்தை நினைத்துப் பாருங்கள். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். அடியில் செய்தி எழுத ஒரு சிறு கட்டம். “மணமக்களுக்கு எங்கள் துஆ. பிரயாணம் செய்ய உடல்நலம் இடந்தரவில்லை. மன்னிக்கவும்” என்று நுணுக்கி நுணுக்கி எழுதுவார்கள். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்து, அந்தத் துண்டையும் கிழித்துக் கொடுப்பார். பணம் அன்றே செலவாகிவிடும். துண்டு அலமாரியில் இருக்கும். வாழ்த்துத் தந்திக்கென்று எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. வாசகத்தின் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். முழு வாழ்த்தும் மண்டபத்துக்குப் போய்ச் சேரும். மணமேடையருகே ஒருவர் நின்று தந்திகளை உரக்கப் படிப்பார். நான் உறையனுப்பிய அதே 2013ஆம் ஆண்டின் ஜூலையில்தான் தந்தி சேவை நிறுத்தப்பட்டது. 2015இல் அந்தப் பழைய மணியார்டர் முறையும் முடிவுக்கு வந்தது.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிழைக்கப் போன நம் சபுராளிகளைக் கேளுங்கள். உடன்பிறந்த தங்கையின் நிக்காஹுக்கு விடுப்புக் கிடைக்காமல் ஜித்தாவில் அழுதவர்கள் எத்தனை பேர்! டிராஃப்ட் எடுத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு கேசட்டில் தம் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். டிராஃப்டில் எவ்வளவு இருந்தது என்று இன்று யாருக்கும் நினைவிருக்காது. கேசட்டை டேப்ரிகார்டரில் போட்டுக் கூடத்தில் எல்லோரும் அமர்ந்து கேட்ட மாலைப் பொழுது மறக்காது.

மொய்க் கணக்கு வேறு வகை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில், பெற்றதைத் திருப்பிச் செய்வது கடன்போலக் கட்டாயம். ஆகவே வர முடியாதவரும் ஆள் மூலம் கொடுத்தனுப்புவார். எழுதுபவர் ஊரையும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தையும், பெயரையும் கேட்டே எழுதுவார். அது கொடுக்கல் வாங்கல். அதில் தவறில்லை, எத்தனையோ குடும்பங்களுக்கு அது மூலதனமாகியிருக்கிறது. நண்பரின் மகளுக்கு நான் கொடுக்க நினைத்ததை அந்தக் கணக்கில் சேர்த்ததுதான் பிழை. ‘என் கணக்கில் எழுதிவிடுங்கள்’ என்ற என் சொல்லையே பாருங்கள்!

இப்போது கைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பத்தார், தொற்றுக் காலத்தில் வர இயலாதவர்களுக்காக அழைப்பிதழிலேயே கியூ.ஆர். கோடு அச்சிட்டது செய்தித்தாள்களில் வந்தது. அழைப்பிதழில் அதைக் காணும்போது எனக்கு ஏனோ மளிகைக் கடைக் கல்லாவின் நினைவு வருகிறது. அதற்கு முந்தைய மாதம் தமிழகத்து வீடொன்றில் நேர்மாறாகச் செய்தார்கள். வர இயலாத விருந்தினரின் இல்லங்களுக்குக் கல்யாணச் சாப்பாட்டை இலையோடு பைகளில் கொடுத்தனுப்பினார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆயினும் கைபேசியில் பணம் அனுப்புவதைக் குறை கூறமாட்டேன். அனுப்பும் முன் குறிப்பெழுத ஓர் இடம் காட்டுகிறதல்லவா? பழைய மணியார்டர்க் கட்டம்தான் அது. அதைக் காலியாக விடாதீர்கள்.

நாமோ அழைப்பவர் முகத்தைப் பார்த்து ‘வருகிறோம்’ என்று சொல்லிவிட்டு இருந்துவிடுகிறோம். அவர் நம்மை எண்ணி இலை போடச் சொல்லியிருப்பார், அரிசி களைந்திருப்பார். வலீமா அழைப்பையே தக்க காரணமிருந்தால் தவிர்க்கலாம் என்று மார்க்க அறிஞர்கள் இடமளித்துள்ளனர். அப்படியிருக்க, காரணத்தைச் சொல்ல நமக்கென்ன தயக்கம்? வீட்டுப் பெரியவர் வீட்டுப் பெரியவரிடம், நாலைந்து நாள் முன்னதாக, சுருக்கமாகவும் உண்மையாகவும் சொல்லிவிடலாம். நேரில் வந்து அழைத்தவருக்கு வாட்ஸப்பில் கைகூப்பும் படத்தை அனுப்பாதீர்கள், குரலால் சொல்லுங்கள். பொருளை மண்டபத்து நெரிசலுக்கு அனுப்புவதைவிட முந்தைய வாரமே வீட்டில் சேர்ப்பித்தல் நலம். முடிந்தால் நம் பிள்ளைகளில் ஒருவரை அனுப்புங்கள்.

வெள்ளம் வந்தது

2015 டிசம்பர் முதல் நாளின் இரவை எங்கள் பகுதியில் எவரும் மறக்கமாட்டார். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. அந்த உபரிநீர் திருநீர்மலைக்கு அருகில்தான் அடையாற்றில் வந்து கலக்கிறது. அனகாபுத்தூர் ஆற்றங்கரை ஊர். நள்ளிரவில் எங்கள் தெருவுக்குள் நீர் புகுந்தது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடியில் ஏறினோம். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அரிசி நனைந்துவிட்டது. பேரக்குழந்தைக்கு ஒரு வயது.

மூன்றாம் நாள் நண்பகலில் கீழே யாரோ அழைக்கும் குரல் கேட்டது. முழங்கால் நீரில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். தலையில் ஒரு பெரிய தூக்குப்பாத்திரம். நண்பரின் மகன்! நிக்காஹுக்கு வந்தபோது சிறுவன். இப்போது மீசை அரும்பியிருந்தது.

“அப்பாவால வர முடியலே, மாமா. காலில் வலி, வழியெல்லாம் தண்ணீர். அம்மா எலுமிச்சைச் சோறு கொடுத்தாங்க. ரொம்பக் கொஞ்சம்தான், குழந்தைக்குப் பால் பவுடரும் இருக்குதுன்னு அப்பா சொல்லச் சொன்னார்” என்றான்.

அவன் தந்தை சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான் என்பது கேட்கும்போதே தெரிந்தது. என் மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. மாடியில் எங்களோடு ஒதுங்கியிருந்த மூன்று குடும்பங்களும் அதை உண்டன.

நீர் வடிய நாளாயிற்று. வீட்டைக் கழுவி, சேற்றை வாரி, ஜனவரி பிறந்த பிறகே எங்களால் புறப்பட முடிந்தது. வெறுங்கையோடு போக மனமில்லை. எங்கள் அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்கு நெய்த ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்’ என்னும் கட்டம்போட்ட துணி கப்பலேறி நைஜீரியாவுக்குப் போயிற்று. அங்குள்ள கலபாரி மக்கள் அந்தத் துணியைப் பிறப்பு முதல் திருமணம், இறப்பு வரையிலான சடங்குகளில் போற்றி உடுத்துவார்கள். நெய்தவர் யாரும் அந்தத் திருமணங்களைப் பார்த்ததில்லை. அந்நாடு இறக்குமதியைத் தடுத்தபின் ஏற்றுமதி படுத்துவிட்டது, தறிகள் குறைந்தன. எஞ்சிய சிலர் வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கலந்து புடவை நெய்கிறார்கள். அப்படி ஒன்றைத் தறி வீட்டிலேயே வாங்கி, பழங்களோடு ஒரு பையில் வைத்துக்கொண்டு, நானும் மனைவியும் திருநீர்மலைக்குச் சென்றோம். கல்யாணம் நடந்து இரண்டு ஆண்டும் சில மாதங்களும் கடந்திருந்தன.

திருக்குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழ முயன்றார். நான் தடுத்துப் பக்கத்தில் அமர்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. “அன்றைக்கு எனக்கு வேலையில்லை. வந்திருக்கலாம். வரவில்லை. உறை மட்டும் கொடுத்தனுப்பினேன்” என்றேன்.

“உறையா?” என்றார் அவர். பிறகு மெதுவாக, “கோயில்ங்கறதால நீங்க வரலேன்னு நினைச்சேன் பாய். அது தப்பில்லே. மண்டபத்துக்குள்ள வந்து தலைகாட்டுவீங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். வரலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பார்த்திருக்க மாட்டேன்” என்றார்.

உள்ளே பெண்களின் பேச்சுக் குரல் கேட்டது. மூத்த மகள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். புடவையை அவள் கையில் என் மனைவி கொடுத்து, எங்கள் வழக்கப்படி துஆச் செய்தாள். நண்பர் மகனை அழைத்து, பீரோவிலிருந்து மொய் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் தடவிய மூலைகள். பக்கத்துக்குப் பக்கம் ஊரும் பெயரும் தொகையும். விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

‘பெயர் இல்லை - ரூ.501.’

அந்த வரியைப் பார்த்துச் சிரித்தார். “இது யாருன்னு நாங்க எத்தனை நாள் தேடியிருக்கோம் தெரியுமா?” என்றார். மகனிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, ‘பெயர் இல்லை’ என்பதை அடித்துவிட்டு, மேலே அனகாபுத்தூர் என்று எழுதி, என் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் கேட்டார்.

“புடவையையும் எழுதட்டுமா அப்பா?” என்றான் மகன்.

“அது இந்த நோட்டில் வராதுடா” என்று சொல்லி நோட்டை மூடினார். காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.